மேட்டுத்துண்டின் ஈரம்

துலக்கிய வெண்கலக் குடத்தை நாச்சியார் சித்தி நீட்டியபோது யோகலட்சுமி அதை வாங்கவில்லை. சேலை மடிப்புக்குள் மறைத்து வைத்திருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் எலுமிச்சைத் தோட்டம் அதில் நான்கு துண்டுகளாகத் தெரிந்தது. மூன்று துண்டுகள் பச்சை. மேல்மூலையில் இருந்த மூன்றாம் பகுதி மட்டும் சிவப்பு. ஈரம் நான்கு சதவீதம் என்றது.

வெளியே விடியற்காலையிலிருந்து சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆயிரப்பேரியில் ஆடி மாதம் எதுவும் காயாது. கொடியில் போட்ட துணி மூன்று நாள் தொங்கும். தீப்பெட்டி நமுத்துப்போகும். மண் மட்டும் எப்படிக் காயும்?

"பிடிட்டி. நீர்மாலைக்குப் போணும்லா. ஆம்பளைய எல்லாம் நனைஞ்சுக்கிட்டு நிக்காவ."

"நானும் போலாமா சித்தி?"

"ஒத்தப் பிள்ள. நீ போவாம யாரு போவா? நம்ம தோட்டத்துக் கெணத்துலதான் எடுக்கணும். அத்தான் தெனமும் குளிச்ச தண்ணி."

அப்பா கூடத்தில் பெஞ்சில் கிடந்தார். கடைசியாக ஒரு முறை குளிப்பாட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றியிருந்தார்கள். தில்லைநாயகம் என்ற அந்தப் பெரிய உடம்பு இப்போது யாரோ அளவெடுத்துச் சுருக்கியதுபோல இருந்தது. யோகலட்சுமி வந்ததிலிருந்து முகத்தைவிடக் கைகளைத்தான் அதிகம் பார்த்தாள். இடது கை சுத்தமாக இருந்தது. வலது கையின் நகங்களில் மட்டும் மண்.

"சித்தி, கொள்ளி வைக்கது யாரு?"

"இதென்ன கேள்வி. ஒங்க சித்தப்பாதான். கூடப்பெறந்தவக இருக்கையில வேற யாரு?"

"அத நான் சொல்லுதேன். சித்தப்பாட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுச் சொல்லுதேன்."

சித்தியின் பார்வை வாசல் பக்கம் போய்த் திரும்பியது. அங்கே எதிர்வீட்டுக் கூரையின் கீழ் ரிஃபாத் நின்றுகொண்டிருந்தான். யாரோ ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவன் உட்காரவில்லை.

"மாப்பிள்ளைய வைக்கச் சொல்லப் போறியா?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள் சித்தி.

"அய்ய, அதில்ல சித்தி."

"பின்னே?"

யோகலட்சுமி குடத்தை வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள்.

நான்கு வருடங்களுக்கு முன்பு கடையநல்லூர் ரிஃபாத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மதுரைக்குப் புறப்பட்ட அன்று, அப்பா தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். பெட்டியைக் கூடத் தூக்கிவைத்தார். பஸ் நகரும்போது ஜன்னலருகே வந்து சொன்னார்: "நான் தடுக்கல. ஆனா நானா ஒனக்கு போன் போட மாட்டேன். நீ போட்டா எடுப்பேன்." சொன்னபடியே இருந்தார். அவளும் அவர் மகள்தான். இரண்டு வருடம் அவளும் போடவில்லை.

போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்து தென்காசி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்த பிறகுதான் தோட்டத்துக்கு மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார் வந்தது. அவர் காலையும் மாலையும் மேடு ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாவூர்சத்திரத்தில் இரண்டு நண்பர்களோடு இந்த வேலையைச் செய்துகொண்டிருந்த ஜெனோவை அவள்தான் தேடிப்பிடித்தாள். அவன் ஒரு கருவியோடு தோட்டம் முழுக்க நடந்துவிட்டு, "யக்கா, நாலு ஏக்கர்ல நாலு மண்ணு கெடக்கு. ஒங்கப்பா எல்லாத்துக்கும் ஒரே தண்ணி விட்டுக்கிட்டு இருக்காவ" என்றான். உண்மைதான். முப்பது வருடமாக எல்லா மரத்துக்கும் ஒரே அளவு. அதில் அப்பாவுக்கு ஒரு நியாய உணர்வுகூட இருந்தது. அந்த நியாயத்தில் கிணற்றடிக் கரிசலில் இருந்த மரங்கள் வேரழுகி நின்றன. மூன்றாம் பகுதியான மேட்டுத்துண்டு மணலில் இருந்தவை பிஞ்சை உதிர்த்தன. நான்கு பகுதியிலும் ஒவ்வொரு சென்சார் நட்டு, பகுதிக்கொரு வால்வு வைத்த பிறகு எல்லாம் மாறியது. முதல் வருடமே அழுகல் நின்றது. அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண்கள் சொன்னதை அப்படியே கேட்டார்.

அவரிடம் இருந்தது பட்டன் போன். அதனால் மண் காய்ந்தால் தகவல் மதுரையில் அவள் போனுக்கு வரும். 'தண்ணீர் திறக்கவா?' என்று கேட்கும். அவள் ஒரு நாளும் அப்பாவைக் கேட்காமல் திறந்ததில்லை.

"அப்பா, மூணாம் பகுதி காஞ்சிருக்காம்."

"பாக்கேன்."

"சாப்ட்டியளா?"

"ம்."

"அருவில தண்ணி விழுதா?"

"அஞ்சருவில நல்லா விழுதாம்."

அதன் பிறகும் இருவரும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்திருப்பார்கள். அந்தப் பக்கம் குருவிச் சத்தம் கேட்கும். "வைக்கேன்" என்பார்.

இரண்டு மாதமாக இது தினமும் நடந்தது. விடிகாலை ஐந்து ஐம்பதுக்கு மூன்றாம் பகுதி திடீரென்று காயும். அவள் அப்பாவைக் கூப்பிடுவாள். பேசி முடித்த சற்று நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். சாரல் தொடங்கிய பிறகும் அது நிற்காதபோதுதான் அவள் ஜெனோவிடம் கேட்டாள். அவன் போனில் ஈரம் ஏறி இறங்குவதைக் காட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"யக்கா, எந்த மண்ணும் பத்து நிமிஷத்துல காஞ்சு பத்து நிமிஷத்துல நனையாது. யாரோ சென்சாரப் புடுங்கி வெளிய வைக்காவ. பொறவு திருப்பிக் குத்துதாவ."

யார் என்று யோசிக்க அவளுக்கு ஒரு இரவு போதுமானதாக இருந்தது. மேட்டுத்துண்டு மணல். அங்கே விடுகிற தண்ணீர் நிற்காது. சரிவில் இறங்கி, கல்வரப்பைத் தாண்டி, செந்தில்வேல் சித்தப்பாவின் தென்னைகளுக்குத்தான் போகும். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கிணறு, முறைவைத்துத் தண்ணீர். முறையில்லாத நாளிலும் தென்னைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், மேட்டுத்துண்டு காய்ந்திருப்பதாக அவள் போன் சொல்ல வேண்டும், அதை நம்பி அவள் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான். அதற்காக நெஞ்சுவலிக்காரரைத் தினமும் மேடேற வைத்திருக்கிறார். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐந்தருவிக்குப் போன சித்தப்பா என்பதால் அந்த எண்ணம் கொஞ்ச நாள் தயங்கி நின்றது. பிறகு தங்கிவிட்டது.

ஜெனோதான் வழி சொன்னான். "அலர்ட் வந்த ஒடனே நீங்க போன் போடுதிய. அப்பா ஏறி வாராவ. ஆளு உஷாராயிருதான். ரெண்டு வாரம் சும்மா இருங்க. எவ்வளவு நேரம் வெளிய வைக்கான்னு பாப்போம்."

அவள் சத்தத்தை நிறுத்தி வைத்தாள். பதின்மூன்று நாள் அப்பாவைக் கூப்பிடவில்லை. தோட்டத்தைத் தவிர வேறு காரணம் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமும் இல்லை. தினமும் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டாள். முதல் நாள் பதினைந்து நிமிடம். பிறகு இருபது. பிறகு நாற்பது. முந்தாநாள் ஒரு மணி பத்து நிமிடம். திருடனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது என்று ரிஃபாத்திடம் சொன்னாள். ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போய் இருவர் முன்னாலும் அந்தப் படத்தை வைக்க நினைத்திருந்தாள். அமாவாசைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

வாசலில் ஜெனோ வண்டியருகே நின்றிருந்தான். கொண்டுவந்த மாலையைப் போட்டுவிட்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் நிற்பதுபோல இருந்தது.

"யக்கா, இன்னைக்கு அஞ்சு அம்பத்திரண்டுக்குப் புடுங்கிருக்கு. பாத்தியளா?"

"பாத்தேன்."

"இப்பம் வரைக்கும் திருப்பிக் குத்தல."

"சித்தப்பா எத்தன மணிக்கு அப்பாவப் பாத்தாராம்?"

"ஆறரைன்னு பேசிக்கிட்டாவ."

"எனக்கு எட்டு மணிக்குத்தான் சொன்னாரு. அப்பா எங்கன விழுந்து கெடந்தாராம்?"

ஜெனோ குரலை இறக்கினான். "மேட்டுத்துண்டுலதான்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். செந்தில்வேல் பந்தலுக்குள் நின்று இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றி மடிக்கும்போது பையிலிருந்து ஒரு போனை எடுத்து வேட்டி மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவின் பட்டன் போன். அதை ஏன் அவர் வைத்திருக்கிறார்? அவள் வந்து இவ்வளவு நேரமாகியும் ஏன் தரவில்லை? அவர் நிமிர்ந்தபோது கண்கள் சந்தித்தன. அவர்தான் முதலில் பார்வையை எடுத்துக்கொண்டார்.

சங்கு ஊதுகிறவர் முன்னால் போனார். பங்காளிகள் ஏழெட்டுப் பேர், நடுவில் குடத்தோடு யோகலட்சுமி. யாரும் குடை பிடிக்கவில்லை. மலையில் பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது. மிச்சமிருந்த பாதி, மேலே ஒன்றுமே இல்லை என்பதுபோல நின்றது. பின்னால் யாரோ ஒருவர் இன்னொருவரிடம், "தோட்டத்த இந்தப் பிள்ள என்ன செய்யும்? மதுரையில இருந்தே போன்ல தண்ணி பாய்க்குமோ" என்றார். மற்றவர் "சும்மா வாரும்" என்றார்.

கிணற்றடியில் ஆண்கள் தண்ணீர் இறைக்கத் தொடங்கினார்கள். அவள் குடத்தைத் துவைகல்லில் வைத்துவிட்டு மேட்டுப் பாதையில் ஏறினாள்.

"அங்கன எங்க போற?" என்றார் செந்தில்வேல். "வழுக்கும்."

அவள் நிற்கவில்லை. பின்னாலேயே அவர் காலடிச் சத்தம் வந்தது.

மூன்றாம் பகுதிக் கம்பம் கடைசி வரிசை எலுமிச்சைக்குப் பக்கத்தில் இருந்தது. உச்சியில் சின்ன சோலார் தகடு. கம்பத்தடியில் ஒரு பெயிண்ட் வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் முன்னால் மணலில் இரண்டு குதிகால் பள்ளங்கள். ஒரே இடத்தில் நெடுநாள் ஊன்றியதால் விழுந்த பள்ளங்கள். அவற்றில் தண்ணீர் தேங்கியிருந்தது. கம்பத்தில் கட்டம்போட்ட துண்டின் ஒரு கிழிசல் கட்டியிருந்தது. அதற்கு மேல், ஒரு ஆணியில், வாயைச் சுருட்டிக் கட்டுகிற மாதிரி ஒரு கண்ணாடித்தாள் பை. உள்ளே ஒன்றும் இல்லை.

சென்சார் வாளிமேல் கிடந்தது. ஒயரின் முனையில் மூன்று கம்பி முட்கள். அவற்றில் மண் இல்லை. யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். அது இருக்க வேண்டிய குழி, பலமுறை எடுத்துச் செருகியதில் எலிவளையின் வாய்போல வழுவழுவென்று ஆகியிருந்தது.

திருடுகிறவன் துடைத்து வைப்பானா என்ற கேள்வி அவளுக்குள் வந்தது. ஆனால் வாய் அதற்குள் தொடங்கிவிட்டது.

"நீங்கதான சித்தப்பா இத தெனமும் புடுங்குனது?"

செந்தில்வேல் மேடேறி வந்த மூச்சு அடங்கக் காத்திருந்தார்.

"ஒங்க தென்னைக்குத் தண்ணி வேணும்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாம். அப்பாவ எதுக்குத் தெனமும் இங்க ஏற வச்சிய? எங்கிட்ட ரெண்டு மாசத்துக் கணக்கு இருக்கு. நேரம் மொதக்கொண்டு இருக்கு. இதக் கேக்காம ஒங்களக் கொள்ளி வைக்க விட மாட்டேன்."

அவர் தென்னைகளை ஒரு முறை பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார்.

"நான் ஒரு தடவதான் தொட்டிருக்கேன்" என்றார். "இன்னைக்கு. அண்ணன் கையில இருந்து எடுத்தேன்."

கீழே கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது.

"அப்பா கையில எதுக்கு?"

"உசுரு போன பொறவும் விட மாட்டேன்னுட்டாவ. வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் எடுத்தேன்."

"அவுக கையில எதுக்கு சித்தப்பா இருந்துச்சு?"

"நீ போன் போடணும்லா."

அவர் கிழிசல் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அதனிடம் சொல்வதுபோலப் பேசினார்.

"மொதல்ல ஆடு தட்டிவிட்டுத்தான் வெளிய வந்திருக்கு. அன்னைக்கு நீ போட்டிருக்க. பொறவு அண்ணனே எடுக்க ஆரம்பிச்சாவ. காலையில எந்திச்சதும் இங்க வந்து ஒக்காந்து, இதப் புடுங்கித் தொடச்சு மடியில வச்சுக்குவாவ. போன் நனைஞ்சிரக் கூடாதுன்னு அந்தப் பையில. நான் கேலியாக் கேட்டேன், என்னண்ணே, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கியளான்னு. 'சும்மா இரிலே, இப்பம் அடிப்பா பாரு'ன்னாவ. அடிச்ச."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதலேன்னாவ. பஸ் ஸ்டாண்டுல ஒங்கிட்ட என்னமோ சொல்லிட்டாவளாம். சொன்னது சொன்னதுதானாம்."

சாரல் கொஞ்சம் வலுத்தது. சோலார் தகட்டில் விழும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

"இப்பம் பத்துப் பதிமூணு நாளா நீ போடல. டவர் இல்லையோன்னாவ. எங்கிட்ட போன நீட்டி, இதுல மணி அடிக்குமான்னு பாருலேன்னாவ. நான் என் போன்ல இருந்து அடிச்சுக் காட்டினேன். நல்லாத்தான் அடிச்சுது. சரி, கூடக் கொஞ்ச நேரம் வெளிய வச்சிருந்தாத் தெரியும்போலன்னு ஒக்காந்தே இருந்தாவ. வாங்கண்ணே போவோம்னா, நீ போ, நான் வாரேன்னுருவாவ."

பதினைந்து. இருபது. நாற்பது. ஒரு மணி பத்து. அவள் எழுதி வைத்த எண்கள் ஒவ்வொன்றாக வந்து வாளிமேல் உட்கார்ந்தன.

"ஆறரைக்குப் பாத்தியளே. எட்டு மணிக்கு ஏன் சொன்னிய?"

"அதையும் குறிச்சு வச்சிருக்கியா?" அவர் கோபப்படவில்லை. "கொஞ்ச நேரம் அண்ணன் பக்கத்துல ஒக்காந்திருந்தேன். கம்பி வெளியதான் கெடந்துச்சு. நீ போட்டாலும் போடுவன்னு."

மடியிலிருந்து பட்டன் போனை எடுத்து நீட்டினார். அவருடைய நகங்களிலும் மண் இருந்தது. அவள் போனை வாங்கினாள். சூடாக இருந்தது.

கீழே இருந்து யாரோ கூப்பிட்டார்கள். "ஏலே செந்தில்வேலு, தண்ணி எடுத்தாச்சு. வாரியளா?"

"வாரோம்" என்று கத்திவிட்டு, அவர் அவளைப் பார்க்காமல் இறங்கினார். சென்சார் வாளிமேலேயே கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

திரும்பும்போது நான்கு பேர் நான்கு முனையிலும் பிடித்த வெள்ளை வேட்டியின் கீழ் குடத்தைச் சுமந்து நடந்தாள். வேட்டி நனைந்து தாழ்ந்து அவள் தலையைத் தொட்டது. முன்னால் இடதுபுற முனையைப் பிடித்திருந்தவர் செந்தில்வேல். வழியெல்லாம் அந்த முனை மட்டும் தாழாமல் இருந்தது.

குளிப்பாட்டினார்கள். வலது கை நகங்களைச் சித்தி ஈர்க்குச்சியால் சுத்தம் செய்யப் போனாள். "அது கெடக்கட்டும் சித்தி" என்றாள் யோகலட்சுமி. சித்தி விட்டுவிட்டாள்.

நான்கு மணிக்குப் பாடை எழுந்தது. செந்தில்வேல் நெருப்புச் சட்டியைக் கையில் வாங்காமல் நின்றார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று பந்தலில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. நாச்சியார் சித்திக்குத் தெரிந்தது. அவள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். யோகலட்சுமி கிட்டே போய், அவர் தோளில் சரிந்திருந்த துண்டை இழுத்துச் சரியாகப் போட்டாள்.

"வழுக்கும் சித்தப்பா. பாத்துப் போங்க."

அவர் சட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். ரிஃபாத் பாடையின் பின்னால் கடைசி ஆளாகப் போனான். தெருமுக்கில் யாரோ அவனுக்குத் தோள் கொடுக்க இடம்விட்டார்கள்.

பெண்கள் குளிப்பதற்காகத் தோட்டத்துக்குப் போனார்கள். சித்தி பம்ப்செட்டைப் போட்டாள். தொட்டியில் தண்ணீர் விழுந்தது. எல்லோரும் உடுத்திய சேலையோடு இறங்கித் தலை நனைத்தார்கள்.

"என்னமோ கேக்கணும்னியேட்டி" என்றாள் சித்தி, கூந்தலைப் பிழிந்தபடி.

"கேட்டுட்டேன்."

சித்தி கூந்தலை உதறி முடிந்தாள்.

யோகலட்சுமி கரைக்கு வந்து, மோட்டார் அறை ஜன்னலில் வைத்திருந்த தன் போனை எடுத்தாள். பதின்மூன்று நாளாக நிறுத்தி வைத்திருந்த சத்தத்தைத் திறந்தாள். உடனே அது கையில் அதிர்ந்து கத்தியது. பகுதி மூன்று காய்ந்திருக்கிறது. தண்ணீர் திறக்கவா? ஆம். இல்லை.

பழக்கத்தில் விரல் முதலில் அப்பாவின் பெயரைத் தேடிப் போனது. ஜன்னலில், அவள் போன் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், பட்டன் போன் நனையாமல் இருந்தது. விரல் திரும்பி வந்தது.

ஆம் என்பதைத் தொட்டாள்.

மேட்டில் வால்வு ஒரு முறை இருமித் திறந்தது. குழாய்கள் சிலிர்த்தன. கடைசி வரிசை எலுமிச்சைகளின் காலடியில் தண்ணீர் பொங்கியது.

"அடி கிறுக்கி, மழையில எதுக்குட்டி தண்ணி பாய்க்க?" என்றாள் சித்தி தொட்டிக்குள்ளிருந்து.

ஏற்கெனவே நனைந்திருந்த மணல் அந்தத் தண்ணீரை வைத்துக்கொள்ளவில்லை. அது வாளியைச் சுற்றி, இரண்டு குதிகால் பள்ளங்களையும் நிரப்பி வழிந்து, சருகுகளை முன்னால் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கியது. கல்வரப்பில் சற்று நின்றது. பிறகு ஒரு இடைவெளியைக் கண்டுபிடித்து, அந்தப் பக்கம் முதல் தென்னையின் தூரை நோக்கிப் போனது.